செருகினேன், காணோம்: லினக்ஸில் மவுண்ட் ஆகாத பென்டிரைவை வழிக்குக் கொண்டுவருவது

பென்டிரைவைச் செருகுகிறீர்கள். அதிலுள்ள சின்ன விளக்கு கண் சிமிட்டுகிறது. ஃபைல் மேனேஜரில் மட்டும் ஒன்றும் வரவில்லை. கழற்றி மறுபடி செருகுகிறீர்கள். சில சமயம் "மவுண்ட் செய்ய முடியவில்லை" என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். சில சமயம் அதுகூட வராது.

இந்த இடத்தில் புதியவர்கள் பெரும்பாலும் செய்கிற தவறு, ஃபார்மட் அடித்துவிடுவது. அதே டிரைவை விண்டோஸில் செருகினால் அதுவே "ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று பயமுறுத்தும். அந்த அவசரத்தில் சரி என்று தட்டிவிடுவார்கள். உள்ளே இருந்த கோப்புகள் போன பிறகுதான் தெரியவரும், டிரைவில் ஒரு கோளாறும் இல்லை என்று. ஆகவே, இந்தக் கட்டுரை முழுவதும் படித்து முடிக்கும்வரை ஃபார்மட் பக்கம் கையை வைக்காதீர்கள்.

ஒரு டிரைவ் திரைக்கு வந்து சேர்வதற்குள் நான்கு கை மாறுகிறது. முதலில் கம்பியும் மின்சாரமும். அடுத்து கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி: "இன்ன சாதனம் வந்திருக்கிறது" என்று கண்டுகொண்டு அதற்கு ஒரு பெயர் வைக்கிறது. மூன்றாவது, டிரைவுக்குள் இருக்கும் ஃபைல் சிஸ்டத்தை, அதாவது கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் முறையை, படிக்கத் தெரிந்த டிரைவர் நிரல். கடைசியாக டெஸ்க்டாப். எந்தக் கையில் நின்றுபோனது என்று தெரியாமல் வைத்தியம் பார்த்தால் நேரம்தான் வீண்.

மவுண்ட் என்ற சொல்லே புதிது என்பவர்களுக்கு: லினக்ஸில் சி டிரைவ், டி டிரைவ் என்று தனித்தனியாகக் கிடையாது. எல்லாக் கோப்புறைகளும் ஒரே மரம். புதிதாக வந்த டிரைவை அந்த மரத்தின் ஒரு கிளையில் கொண்டுபோய் ஒட்டுவதுதான் மவுண்ட். டெபியன், உபுண்டு வகையறாவில் அந்தக் கிளை "/மீடியா" (/media) கோப்புறைக்குள் உங்கள் பெயரின் கீழ் இருக்கும். ஃபெடோரா, ஆர்ச் போன்றவற்றில் "/ரன்/மீடியா"வுக்குள் (/run/media).

இன்னொன்று. கட்டளைகளை இங்கே எழுத்துக்கூட்டித் தமிழில் எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத்திலும் கொடுத்திருக்கிறேன். டெர்மினலில் அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும், எல்லாவற்றையும் சிறிய எழுத்தாகவே தட்டுங்கள்.

முதலில் கெர்னலைக் கேளுங்கள்

டிரைவைக் கழற்றிவிட்டு, டெர்மினலைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

சூடோ டிஎம்இஎஸ்ஜி -டபிள்யூ (sudo dmesg -w)

சூடோ என்பது கட்டளையை நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டச் சொல்வது. கெர்னல் தன் நாட்குறிப்பில் எழுதுவதையெல்லாம் இந்தக் கட்டளை அவ்வப்போதே காட்டிக்கொண்டிருக்கும். பழைய வரிகள் கடகடவென்று ஓடி நின்றதும் என்டரை நாலைந்து முறை தட்டி இடம் விட்டுக்கொள்ளுங்கள். இனி வருவது எல்லாம் புதிய வரி. இப்போது டிரைவைச் செருகுங்கள். ஒழுங்காக இருக்கும் டிரைவ் என்றால் சில நொடிக்குள் பத்துப் பன்னிரண்டு வரிகள் விழும். அவற்றில் தேட வேண்டியவை இவை:

யுஎஸ்பி 1-2: நியூ ஹை-ஸ்பீட் யுஎஸ்பி டிவைஸ்
எஸ்டிபி: எஸ்டிபி1 (sdb: sdb1)
[எஸ்டிபி] அட்டாச்டு எஸ்சிஎஸ்ஐ ரிமூவபிள் டிஸ்க்

முதல் வரி, கம்பி வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி. இரண்டாவது வரியில்தான் விஷயம் இருக்கிறது: முழு டிரைவுக்கு "எஸ்டிபி" என்று பெயர் வைத்தாயிற்று, அதற்குள் "எஸ்டிபி1" என்று ஒரு பார்ட்டிஷன் (டிரைவின் ஒரு பிரிவு) இருக்கிறது. மவுண்ட் செய்யப்போவது பெரும்பாலும் இந்த 1 போட்டதைத்தான். எண் இல்லாத பெயரை மவுண்ட் செய்யப் பார்த்துவிட்டு, "ஃபைல் சிஸ்டம் தப்பு" என்று பிழை வருகிறதே என்று தலையைச் சொறிபவர்கள் நிறைய. உங்கள் கணினியில் பெயர் எஸ்டிஏ, எஸ்டிசி என்று மாறலாம். மடிக்கணினியிலேயே இருக்கும் துளையில் செருகும் எஸ்டி கார்டுக்கு எம்எம்சிபிஎல்கே0பி1 (mmcblk0p1) என்று நீளமான பெயர் வரும். குறித்துவைத்துக்கொண்டு கண்ட்ரோல்-சி அழுத்தி வெளியே வாருங்கள்.

வரியே விழவில்லை என்றால்

அப்போது மென்பொருளை நோண்டிப் பயனில்லை. கேபிளை மாற்றுங்கள். ஃபோன் சார்ஜருடன் வரும் கேபிள்கள் சிலவற்றில் மின்சாரக் கம்பி மட்டும்தான் இருக்கும், தரவுக் கம்பி இருக்காது. விளக்கு எரியும், ஆனால் கணினிக்கு எதுவும் கேட்காது. நடுவில் ஹப் இருந்தால் தூக்கிவிட்டு நேராகச் செருகுங்கள். மேசைக் கணினியில் முன்பக்கத் துளையைவிடப் பின்பக்கத் துளை நம்பகமானது, அது நேராக மதர்போர்டிலேயே இருப்பதால்.

வெளி ஹார்ட்டிஸ்க் என்றால் மின்சாரப் பற்றாக்குறையைச் சந்தேகிக்க வேண்டும். யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் கொடுக்கும், 3.0 துளை 900. தட்டு சுழல ஆரம்பிக்கும் அந்த ஒரு நொடிக்குச் சில ஹார்ட்டிஸ்குகளுக்கு இதைவிட அதிகம் தேவைப்படும். சுழலப் பார்க்கும், நின்றுவிடும், மறுபடி சுழலப் பார்க்கும். காதை வைத்துக் கேட்டால் தெரியும். தனி மின்சாரம் உள்ள ஹப்பில் செருகினால் இது சரியாகிவிடும்.

வரி விழுகிறது, ஆனால் "டிவைஸ் டிஸ்க்ரிப்டர் ரீட், எரர் -71" என்றோ -110 என்றோ திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அதுவும் இதே வகைதான்: கணினி கேள்வி கேட்கிறது, டிரைவிடமிருந்து ஒழுங்கான பதில் இல்லை. கேபிள், துளை, கடைசியில் டிரைவே. மூன்றையும் ஒவ்வொன்றாக மாற்றி, வேறொரு கணினியிலும் செருகிப் பார்த்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

யுஎஸ்பி வரி வந்துவிட்டது, எஸ்டிபி வரி மட்டும் வரவில்லையா? இன்று காலை சிஸ்டத்தை அப்டேட் செய்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். ஆர்ச் போன்ற டிஸ்ட்ரோக்களில் கெர்னல் அப்டேட் ஆனதும் பழைய கெர்னலின் மாட்யூல்கள் (தேவைப்படும்போது அது ஏற்றிக்கொள்ளும் துணைப்பகுதிகள்) டிஸ்கிலிருந்து நீங்கிவிடும். ஓடிக்கொண்டிருப்பதோ பழைய கெர்னல். பென்டிரைவுக்கான மாட்யூலைத் தேடும், கிடைக்காது. ரீபூட் செய்தால் போதும். இதே காரணத்தால், பென்டிரைவுகளில் சாதாரணமாக இருக்கும் ஃபேட் வகையைப் பற்றியே "வி-ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டம் தெரியாது" என்ற அபத்தமான பிழையும் வரும். அலுவலகக் கணினி என்றால் யுஎஸ்பி டிரைவையே வேண்டுமென்று தடுத்து வைத்திருக்கலாம். அதை நிர்வாகியிடம்தான் கேட்க வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது

பெயர் கிடைத்துவிட்டது, சரி. அடுத்து இது:

எல்எஸ்பிஎல்கே -எஃப் (lsblk -f)

இணைந்திருக்கும் டிஸ்குகள் எல்லாம் கிளை கிளையாக வரும். ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் பக்கத்தில் ஃபைல் சிஸ்டத்தின் வகை, லேபிள், நீளமான ஒரு அடையாள எண், கடைசியில் மவுண்ட் ஆகியிருக்கும் இடம். உங்கள் டிரைவின் வரியில் கடைசிப் பத்தி காலியாக இருந்தால் இன்னும் மவுண்ட் ஆகவில்லை. அங்கே ஒரு பாதை இருந்தால் சத்தமில்லாமல் மவுண்ட் ஆகிவிட்டது, ஃபைல் மேனேஜர்தான் காட்டவில்லை. அந்தப் பாதையை ஃபைல் மேனேஜரின் முகவரிப் பட்டியில் தட்டினால் உள்ளே போய்விடலாம்.

பெயரைப் பார்க்கும்போது வகையையும் லேபிளையும் சேர்த்தே பாருங்கள். சந்தேகம் இருந்தால் "-எஃப்" இல்லாமல் அதே கட்டளையைத் தட்டினால் அளவு தெரியும். உங்கள் சிஸ்டம் இருக்கும் டிஸ்கையே பென்டிரைவ் என்று நினைத்து எதையாவது செய்துவிட்டால் அது வேறு கதை.

இப்போது கையால் மவுண்ட் செய்து பார்ப்போம்:

யுடிஸ்க்ஸ்சிடிஎல் மவுண்ட் -பி /டெவ்/எஸ்டிபி1 (udisksctl mount -b /dev/sdb1)

"சூடோ மவுண்ட்" என்றுதான் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். புதியவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. அதில் மவுண்ட் செய்தால் ஃபேட், எக்ஸ்ஃபேட் டிரைவுகளில் எல்லாக் கோப்புகளும் ரூட், அதாவது கணினியின் நிர்வாகி, பெயரில் வந்து நிற்கும்; படிக்கலாம், எழுத முடியாது. உடனே எல்லாவற்றையும் சூடோ போட்டே செய்ய ஆரம்பிப்பீர்கள். யுடிஸ்க்ஸ் என்பது டெஸ்க்டாப் பின்னால் இருந்து அழைக்கும் அதே சேவை. கோப்புறையை அதுவே உருவாக்கும், உங்கள் பெயரிலேயே மவுண்ட் செய்யும்.

இந்தக் கட்டளை வேலை செய்துவிட்டால் டிரைவும் ஃபைல் சிஸ்டமும் நலம். டெஸ்க்டாப்பைப் பற்றிய பகுதிக்குத் தாவிவிடுங்கள். பிழை வந்தால் அந்தப் பிழையை முழுசாகப் படியுங்கள். மறுபடி கெர்னல் நாட்குறிப்பின் கடைசி இரண்டு மூன்று வரிகளையும் பாருங்கள், உண்மையான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். "ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்" என்று மூச்சுவிடாமல் வரும் அந்தப் பிரபலமான பிழைக்கு "ஏதோ ஒன்று சரியில்லை" என்பதற்குமேல் அர்த்தம் கிடையாது.

என்டிஎஃப்எஸ்: விண்டோஸ் விட்டுச்சென்ற பூட்டு

லினக்ஸுக்குப் புதிதாக வந்தவர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். என்டிஎஃப்எஸ் என்பது விண்டோஸின் ஃபைல் சிஸ்டம். நேற்றுவரை விண்டோஸில் வேலை செய்த ஹார்ட்டிஸ்க், இங்கே மவுண்ட் ஆக மாட்டேன் என்கிறது. பிழையில் "அன்கிளீன்" என்றோ "வால்யூம் இஸ் டர்ட்டி" என்றோ ஒரு சொல் இருக்கும். டிரைவ் அழுக்கு என்று அர்த்தமில்லை. விண்டோஸ் தன் வேலையை முழுதாக முடித்து மூடவில்லை என்று அர்த்தம்.

2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்ற ஏற்பாடு இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் சிஸ்டம் உண்மையில் முழுசாக அணைவதில்லை, பாதி உறக்கத்துக்குத்தான் போகிறது. அப்போது இணைந்திருந்த என்டிஎஃப்எஸ் டிரைவுகளின் கணக்குவழக்கு பாதியில் நிற்கும். அந்த நிலையில் லினக்ஸ் அதில் எழுதினால், விண்டோஸ் எழுந்து வந்து தன் பழைய கணக்கின்படி மேலேயே எழுதிவிடும். இரண்டும் சேர்ந்து டிரைவைக் குதறிவிடும். லினக்ஸ் மறுப்பது உங்கள் நன்மைக்குத்தான்.

சரியான மருந்து விண்டோஸில்தான் இருக்கிறது. அதே விண்டோஸ் கணினியில் டிரைவைச் செருகி, பிழை திருத்தும் சிஹெச்கேடிஎஸ்கே கட்டளையை "/எஃப்" சேர்த்து (chkdsk /f) ஓட்டி, ஒழுங்காக எஜெக்ட் செய்து எடுங்கள். ஒரே கணினியில் இரண்டு சிஸ்டமும் வைத்திருப்பவர்கள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தியே விடுவது நல்லது. அப்போதைக்கு மட்டும் போதும் என்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள், முழுசாக அணையும்.

விண்டோஸே கைவசம் இல்லையா? என்டிஎஃப்எஸ்-3ஜி தொகுப்போடு வரும் கருவி ஒன்று இருக்கிறது:

சூடோ என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் -டி /டெவ்/எஸ்டிபி1 (sudo ntfsfix -d /dev/sdb1)

இது சில அடிப்படைப் பிழைகளைத் திருத்தி, "டர்ட்டி" முத்திரையை அழிக்கும், அவ்வளவுதான். பெயரில் ஃபிக்ஸ் இருக்கிறதே என்று முழு ரிப்பேரை எதிர்பார்க்காதீர்கள். முக்கியமான கோப்புகள் இருந்தால் முதலில் படிக்க மட்டும் மவுண்ட் செய்து அவற்றை நகலெடுத்துக்கொள்ளுங்கள். யுடிஸ்க்ஸ் கட்டளையின் கடைசியில் "-ஓ ஆர்ஓ" (-o ro) என்று சேர்த்தால் போதும்.

மற்ற வகைகள்

எக்ஸ்ஃபேட்: இதற்கான விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் 2019-இல்தான் வெளியிட்டது. 2020-இல் வந்த 5.7 கெர்னல் முதல் முழுமையான டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. பழைய சிஸ்டம் வைத்திருந்து "எக்ஸ்ஃபேட் தெரியாது" என்று வந்தால் எக்ஸ்ஃபேட்-ஃப்யூஸ் தொகுப்பை நிறுவுங்கள். சிஸ்டத்தையே புதுப்பிப்பது இன்னும் நல்லது.

ஃபேட்32 பெரும்பாலும் தகராறு செய்யாது. ஒழுங்காக எஜெக்ட் செய்யாமல் பிடுங்கியிருந்தால் நாட்குறிப்பில் "ப்ளீஸ் ரன் எஃப்எஸ்சிகே" என்று கெர்னலே மரியாதையாகக் கேட்டுக்கொள்ளும். எஃப்எஸ்சிகே என்பது ஃபைல் சிஸ்டத்தின் பிழைகளைத் திருத்தும் கருவி. டிரைவை அன்மவுண்ட் செய்துவிட்டு இதை ஓட்டுங்கள்:

சூடோ எஃப்எஸ்சிகே.விஃபேட் -ஏ /டெவ்/எஸ்டிபி1 (sudo fsck.vfat -a /dev/sdb1)

நடுவிலுள்ள புள்ளியும் கட்டளையின் பகுதிதான். வகை என்ற இடத்தில் "கிரிப்டோ_லக்ஸ்" அல்லது "பிட்லாக்கர்" என்று இருந்தால் டிரைவ் பூட்டப்பட்டிருக்கிறது. ஃபைல் மேனேஜரில் அதன் மேல் சொடுக்கினால் கடவுச்சொல் கேட்கும். பிட்லாக்கரைத் திறக்கும் வசதி 2020-இல் வந்த கிரிப்ட்செட்டப் 2.3 முதல் உண்டு. வகையே காலியாக இருந்தால் இரண்டில் ஒன்று: டிரைவில் இதுவரை ஃபைல் சிஸ்டமே போடப்படவில்லை, அல்லது அதன் தலைப்பகுதி கெட்டுப்போயிருக்கிறது. புது டிரைவ் என்றால் ஃபார்மட் செய்யலாம். பழையது என்றால் நிறுத்துங்கள், "டெஸ்ட்டிஸ்க்" என்ற கருவியைக் கொண்டு தொலைந்த பார்ட்டிஷனைத் தேடிப் பாருங்கள்.

செருகியது ஃபோன் என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. ஆண்ட்ராய்டு ஃபோன் டிஸ்க்காக வருவதில்லை, எம்டிபி என்ற வேறு வழியில் வருகிறது. ஃபோனின் திரையைத் திறந்து, யுஎஸ்பி அறிவிப்பில் "கோப்புப் பரிமாற்றம்" என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

டெஸ்க்டாப் சொதப்பும்போது

ஒருமுறை என் கணினியில் எந்தப் பென்டிரைவைச் செருகினாலும் "ரூட் மட்டுமே மவுண்ட் செய்யலாம்" என்ற ரீதியில் ஒரு பிழை. பென்டிரைவைத்தான் குறை சொன்னேன். மூன்று முறை ஃபார்மட் செய்தேன், இன்னொன்று வாங்கினேன், அதுவும் அதே பிழை. கடைசியில் பார்த்தால், எந்த டிரைவை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியலை வைத்திருக்கும் "/ஈடிசி/எஃப்எஸ்டேப்" (/etc/fstab) என்ற கோப்பில் "/டெவ்/எஸ்டிபி1" என்று ஆரம்பிக்கும் ஒரு வரி உட்கார்ந்திருந்தது. சிஸ்டத்தை நிறுவும் நிரல், தான் இருந்த பென்டிரைவையே கணினியின் நிரந்தர உறுப்பினர் என்று நினைத்து எழுதிவைத்துவிட்டது. எஃப்எஸ்டேப்பில் பெயர் இருக்கும் டிரைவை அதில் உள்ள விதிப்படிதான் மவுண்ட் செய்ய வேண்டும் என்பது யுடிஸ்க்ஸின் ஒழுக்கம். வரியின் தொடக்கத்தில் ஒரு ஹேஷ் குறி போட்டுச் சேமித்தேன். முடிந்தது.

அதிலிருந்து, டெஸ்க்டாப் பக்கம் சந்தேகம் வந்தால் நான் முதலில் திறப்பது அந்தக் கோப்பைத்தான். நீங்களும் திறந்து, எஸ்டிபி, எஸ்டிசி போன்ற பெயர்கள் நேரடியாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் சிஸ்டத்துக்குத் தேவையான வரிகள் பெரும்பாலும் "யுயுஐடி" (UUID, முன்பு பார்த்த நீளமான அடையாள எண்) என்று ஆரம்பிக்கும், அவற்றைத் தொடாதீர்கள். மாற்றுவதற்கு முன் கோப்பின் நகல் ஒன்றை எடுத்துவையுங்கள்.

கேடிஇ பிளாஸ்மாவில் வேறு விஷயம். அது டிரைவைத் தானாக மவுண்ட் செய்யாது, இயல்பிலேயே அப்படித்தான். கீழே மூலையில் அறிவிப்பு வரும், அதில் மவுண்ட் பொத்தானை அழுத்த வேண்டும். தானாக நடக்க வேண்டும் என்றால் சிஸ்டம் செட்டிங்ஸில் நீக்கக்கூடிய சாதனங்கள் பற்றிய பக்கத்தில் மாற்றிக்கொள்ளலாம். எக்ஸ்எஃப்சிஇ-யில் துனார்-வால்மேன் என்ற துணைத்தொகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐ3, ஸ்வே, ஓப்பன்பாக்ஸ் என்று வெறும் விண்டோ மேனேஜர் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையைச் செய்ய ஆளே கிடையாது. "யுடிஸ்க்கி" என்ற சின்ன நிரலை நிறுவி, லாகின் ஆகும்போது ஓடும்படி வையுங்கள். "நாட் ஆத்தரைஸ்டு" என்று பிழை வந்தால் கடவுச்சொல் கேட்கும் போல்கிட் ஏஜென்ட் ஓடவில்லை. அதையும் கூடவே தொடங்கிவையுங்கள்.

மவுண்ட் ஆகிறது, எழுத முடியவில்லை

எஸ்டி கார்டு என்றால் அதன் பக்கவாட்டில் நகரும் சின்னப் பொத்தானை முதலில் பாருங்கள். பையிலிருந்து எடுக்கும்போது உரசிப் பூட்டு நிலைக்குப் போயிருக்கும். இதற்காக ஒரு மணி நேரம் கட்டளை தட்டியவர்கள் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

லினக்ஸின் சொந்த ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 உள்ள டிரைவ் என்றால் அதன் கோப்புறை ரூட்டின் பெயரில் இருக்கலாம். மவுண்ட் ஆன இடத்தைக் குறிப்பிட்டு "சூடோ சிஹெச்ஓடபிள்யூஎன்" (sudo chown) கட்டளையால் உங்கள் பெயருக்கு ஒருமுறை மாற்றிவிட்டால் போதும்.

நேற்று எழுத முடிந்தது, இன்று பாதி நகலெடுக்கும்போது "ரீட்-ஒன்லி" ஆகிவிட்டது என்றால் கவனம். பிழை கண்டதும் கெர்னலே எழுதுவதை நிறுத்தியிருக்கும். நாட்குறிப்பில் "ஐ/ஓ எரர்" என்ற வரிகள் வரிசையாக இருந்தால் டிரைவ் சாகக் கிடக்கிறது. அந்த நேரத்தில் எஃப்எஸ்சிகே ஓட்டாதீர்கள். ரிப்பேர் என்பது எழுதும் வேலை, அது மிச்சமிருப்பதையும் கெடுக்கலாம். படிக்க மட்டும் மவுண்ட் செய்து, முக்கியமானதை முதலில், மற்றதைப் பிறகு நகலெடுங்கள். மவுண்டே ஆகாவிட்டால் "ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ" கருவியால் முழு டிரைவையும் வேறொரு டிஸ்கில் பிம்பமாக எடுத்துவைத்து, அந்தப் பிம்பத்தில் வைத்தியம் பாருங்கள். அது படிக்க முடிந்த பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்கு அப்புறம் திரும்பிவரும்.

கழற்றும்போது

மேலே சொன்ன தகராறுகளில் பாதி, கழற்றும் விதத்தில் ஆரம்பிப்பவை. நகலெடுக்கும் பட்டை நூறு சதவீதம் என்று காட்டினாலும் கோப்பு அப்போது கணினியின் நினைவகத்தில்தான் இருக்கலாம். டிரைவுக்கு மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும். பெரிய கோப்பு, மெதுவான பென்டிரைவ் என்றால் எஜெக்ட் கொடுத்த பிறகும் நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். அது தொங்கிவிட்டது என்று நினைத்துப் பிடுங்காதீர்கள், விளக்கு சிமிட்டுவது நிற்கட்டும். டெர்மினலில் செய்வதானால் இரண்டு படி:

யுடிஸ்க்ஸ்சிடிஎல் அன்மவுண்ட் -பி /டெவ்/எஸ்டிபி1 (udisksctl unmount -b /dev/sdb1)
யுடிஸ்க்ஸ்சிடிஎல் பவர்-ஆஃப் -பி /டெவ்/எஸ்டிபி (udisksctl power-off -b /dev/sdb)

முதலாவதில் எண் உண்டு, இரண்டாவதில் இல்லை. அது முழு டிரைவையும் அணைக்கிறது. "டார்கெட் இஸ் பிஸி" என்று வந்தால் யாரோ அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். "எஃப்யுஎஸ்இஆர் -விஎம்" (fuser -vm) என்று தட்டி, பக்கத்தில் மவுண்ட் ஆன பாதையைக் கொடுத்தால் எந்த நிரல் என்று பெயரோடு காட்டும். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் அதே கோப்புறைக்குள் நின்றுகொண்டிருக்கும் டெர்மினல்தான். "சிடி" (cd) என்று மட்டும் தட்டி வெளியே வந்துவிட்டு மறுபடி முயன்றால் விட்டுவிடும்.